எல்லை கடந்த மாதர் தலைமை

வாணிகத்தின் பொருட்டும், போரின் பொருட்டும், உத்தியோகத்தின் பொருட்டும் எல்லை கடந்து சென்ற ஆடவர்களைப் பற்றி நமது வரலாற்று நூல்கள் நிறையப் பேசுகின்றன. பொதுவாழ்வின் பொருட்டு எல்லை கடந்த பெண்களைப் பற்றி அவை பேசுவது குறைவு. ஆயினும் இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் இந்தியப் பெண்கள் பெற்ற அரசியல் உரிமைகளை ஆராய்ந்து பார்த்தால், அவற்றுள் பல, ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் சென்ற பெண்களால் கிட்டியவை என்பது விளங்கும். பிறந்த மண்ணை விட்டுப் பெங்களூரிலும் பிற நகரங்களிலும் வாழும் தமிழ் மக்களுக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. தமிழகத்துக்கும் கன்னட நாட்டுக்கும் இடையே உள்ள பாதையிலேயே இதன் பெரும் பகுதி நிகழ்ந்தது.

முதலில் பெங்களூரிலிருந்தே தொடங்குவோம். 1894ஆம் ஆண்டு இறுதியில் மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார் காலமானபோது அவருடைய மைந்தர் சிறுவர். ஆகவே அரசியார் கெம்பநஞ்சம்மணி அவர்கள் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, 1902ஆம் ஆண்டு வரை மைசூர் சமஸ்தானத்தை நடத்தினார்கள். அக்காலத்தின் பெரும் பகுதியில் அவருக்குத் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்திரி அய்யர். 1898இல் பெங்களூரைக் கொள்ளை நோய் தாக்கியது. அதே காலத்தில்தான் மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய புதுக் குடியிருப்புகள் உருவாயின. காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார்த் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பும் பெரும் பணி 1902இல் நிறைவேறியதும் அவ்வாட்சியின் காலத்திலேயே. பெங்களூரில் வாணி விலாஸ் மருத்துவமனை தாங்கி நிற்பது அவ்வரசியாரின் பெயரை. பெண் ஒருத்தி இராஜ்ய காரியங்களைத் திறம்பட நடத்த வல்லவளா என்ற கேள்விக்கு மைசூர் நாடு இவ்வாறு முன்னமே ஒரு விடை கண்டிருந்தது.

ஆனால் இதில் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசியார் ஆண்டது அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட உரிமையால். அவர் ஆட்சி செய்த காலத்திலும் அவருடைய குடிகளான பெண்களுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. 1881இல் திவான் ரங்காசார்லு தோற்றுவித்த மைசூர்ப் பிரஜாப் பிரதிநிதி சபை இந்தியாவிலேயே முன்னோடியானது என்று போற்றப்படுவது. அதிலும் பெண்களுக்கு இடமில்லை. ஒரு பெண் உயர்ந்த பீடத்தில் அமர்வது வேறு. பெண்கள் அனைவரும் பொதுக் காரியத்தில் பங்கு பெறுவது வேறு. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடந்த வரலாறே நமது பொருள்.

அந்தத் தூரத்தைக் கடக்கும் முயற்சி சென்னை அடையாற்றில் உருப்பெற்றது. 1917ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய மாதர் சங்கம் அங்கே தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட் அம்மையார் தலைவரானார். அதன் உயிர்நாடியாக விளங்கியவருள் ஒருவர் மார்கரெட் கசின்ஸ் என்னும் அயர்லாந்துப் பெண்மணி. அவர் தமது நாட்டில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறை சென்றவர். 1915இல் இந்தியாவுக்கு வந்தவர். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த ஒரு நாட்டுப் பெண், அதே ஆட்சியின் கீழ் இருந்த மற்றொரு நாட்டுப் பெண்களோடு கைகோத்தார் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். சங்கம் நடத்திய ‘ஸ்திரீ தர்மம்’ என்னும் பத்திரிகையில் ஆங்கிலத்தோடு தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன. வெளிநாட்டு மாதர் இயக்கச் செய்திகள் நம் ஊர்ப் பெண்களை எட்டுவதற்கு அது ஒரு வழியாயிற்று.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். அரசியல் சீர்திருத்தம் பற்றிப் பலதரப்பட்ட தூதுக் குழுக்கள் அவரைச் சந்தித்தன. சரோஜினி நாயுடு தலைமையில் சென்ற மாதர் தூதுக் குழு, புதிய அமைப்பில் ஆடவருக்கு வழங்கப்படும் வாக்குரிமை பெண்டிருக்கும் வேண்டும் என்று கேட்டது. பின்னர் வந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூக நிலைமை இதற்கு இடந்தராது என்று கூறி மறுத்தது. பெண்கள் ஓய்ந்துவிடவில்லை. 1919இல் சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட், பம்பாயைச் சேர்ந்த ஹீராபாய் டாட்டா, அவர் மகள் மித்தன் டாட்டா ஆகியோர் லண்டனில் பார்லிமெண்டுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தனர். பார்லிமெண்டு தானாக உரிமை வழங்காமல், அந்தந்த மாகாணச் சட்டசபை விரும்பினால் பெண்களுக்கு விதித்த தடையை நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. லண்டனில் பாதி அடைக்கப்பட்டிருந்த கதவை மாகாணங்கள்தாம் திறக்க வேண்டியிருந்தது.

அக்கதவை முதலில் திறந்தது சென்னை மாகாணம். 1921ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஜஸ்டிஸ் கட்சி ஆட்சி நடந்த காலத்தில், சென்னைச் சட்டசபை அத்தடையை நீக்கத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் அவ்வாறு செய்த முதல் மாகாணம் அதுவே. மைசூர் சமஸ்தானமும் நெடுநாள் பின்தங்கியிருக்கவில்லை. 1923ஆம் ஆண்டில் பிரதிநிதி சபைக்குச் சட்ட வடிவம் தந்தபோது பெண் என்ற காரணத்தால் வாக்குரிமை மறுக்கப்படும் நிலை நீங்கியது. எனினும் இவ்வுரிமைக்குச் சொத்தும் வரியுமே அளவுகோல். சொந்தப் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களுக்கு, அதாவது மிகப் பெரும்பாலோருக்கு, சட்டம் வாசலைத் திறந்தும் உள்ளே செல்லும் படி எட்டவில்லை.

வாக்களிக்கும் உரிமை கிடைத்த பின்னும், சபையில் உறுப்பினராக அமரும் உரிமைக்கு 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூர்ப் பகுதியிலிருந்து துணிந்து நின்றவர் கமலாதேவி சட்டோபாத்தியாயர். அப்போது அவருக்கு வயது 23. இன்று கருநாடகத்தில் உள்ள மங்களூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. கமலாதேவி படித்தது சென்னை இராணி மேரிக் கல்லூரியில். அவரைத் தேர்தலில் நிற்குமாறு தூண்டியவர் மார்கரெட் கசின்ஸ். மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் அவர் தோல்வியுற்றார். ஆயினும், பெண் ஒருத்தி ஊர் ஊராகச் சென்று ஆடவரிடமும் பெண்டிரிடமும் வாக்குக் கேட்கலாம் என்பதை அத்தோல்வியே நிலைநாட்டியது.

அதே 1926இல் மற்றொரு காட்சியைப் பாரிசு மாநகரில் காண்கிறோம். அனைத்துலகப் பெண் வாக்குரிமைக் கூட்டமைப்பின் மகாநாடு அங்கே கூடியது. இந்தியாவிலிருந்து சென்றவர்களுள் இருவர் சென்னையைச் சேர்ந்தவர்கள். ஒருவர் புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக லண்டன் சென்றிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மற்றவர் ருக்மிணி லட்சுமிபதி. இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சிந்திக்க வேண்டும். மகாநாட்டுக்கு இடமளித்த பிரெஞ்சு நாட்டில் அப்போது பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அது கிடைத்தது 1944இல். சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சித் தேர்தல்களில் பெண்கள் வாக்களிக்கும் உரிமை பெற்றது 1971இல். அடிமை நாடு என்று எண்ணப்பட்ட இந்தியாவின் ஒரு மாகாணத்திலிருந்து சென்ற பெண்கள், சுதந்திர நாட்டுப் பெண்களுக்கும் இல்லாத ஓர் உரிமையைத் தம் மாகாணத்தில் பெற்றவர்களாய் அங்கே அமர்ந்திருந்தார்கள். மேல்நாட்டார் கற்பிக்க, கீழ்நாட்டார் கற்றார்கள் என்று இவ்வரலாற்றைச் சுருக்கிச் சொல்வது பொருந்தாது. கொடுக்கலும் வாங்கலும் இருபுறமும் நிகழ்ந்தன.

தாயகம் திரும்பிய முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் அவர். 1927இல் அச்சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே அவர் மேற்கொண்ட பணிகளுள் பெரிதும் பேசப்படுவது தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சி. கோயில்களில் சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1927இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தைச் சபை ஏற்றது. இத்துறையில் மைசூர் முன்பே வழிகாட்டியிருந்தது. சமஸ்தான அரசின் ஆதரவு பெற்ற கோயில்களில் தேவதாசிச் சேவையை நிறுத்தும் நடவடிக்கையை மைசூர் அரசு இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் இறுதியிலேயே மேற்கொண்டது.

இவ்விடத்திலேதான் நமது வரலாறு ஒரு கடினமான கேள்வியைச் சந்திக்கிறது. அத்தீர்மானத்தைக் கேட்டுத் தேவதாசிகள் எல்லோரும் மகிழவில்லை. எதிர்த்து நின்றவர்களுள் முதன்மையானவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878இல் நஞ்சன்கூட்டில் பிறந்து, சென்னையில் பெரும் புகழ் பெற்ற இசைவாணி அவர். தமிழ்நாட்டார் வேலை தேடிப் பெங்களூர் வருவது போல, மைசூர்ச் சீமையிலிருந்து கலையின் பொருட்டுத் தமிழகம் சென்றவர். தஞ்சை மராட்டியர் காலத்துப் புலமைப் பெண்மணியான முத்துப்பழனி இயற்றிய ‘ராதிகா சாந்துவனம்’ என்னும் தெலுங்குக் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று கூறி அரசு அந்நூலைத் தடை செய்தது. 1947இல்தான் அத்தடை நீங்கியது. ஆடவர் பாடினால் சிருங்காரம், பெண் பாடினால் ஆபாசமா என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி பேணுவாரின்றிக் கிடந்தபோது, தம் பொருளைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பி 1925இல் குடமுழுக்குச் செய்வித்தவரும் அவரே. ஆனால் அச்சந்நிதியில் நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. அவர் மனம் சோரவில்லை. பெண்களைக் கொண்டு தனி ஆராதனையே நடத்தத் தொடங்கினார். பல ஆண்டுகளுக்குப் பின் பிரிந்திருந்த தரப்புகள் ஒன்றுபட்டபோது பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. சட்டசபையில் ஒருநாளும் அமராத இவ்வம்மையாரும் பொதுவாழ்வின் தலைவியே என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

முத்துலட்சுமி ரெட்டி கண்டது, அறியாப் பருவத்துப் பெண் குழந்தைகள் தம் விருப்பமின்றி ஒரு வாழ்வில் தள்ளப்படும் கொடுமையை. நாகரத்தினம்மாளும் அவரைச் சார்ந்தோரும் கண்டது, தலைமுறை தலைமுறையாகத் தம்மிடம் இருந்த கலையும், சொத்துரிமையும், கல்வியும் ஒரே வீச்சில் இழிவென்று ஒதுக்கப்படும் அபாயத்தை. இதே மரபில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ அம்முறை ஒழிய வேண்டும் என்று ஊர்தோறும் பேசினார். 1936இல் அதைப் பற்றி நாவலும் எழுதினார். இம்மூவரும் பெண்களின் நன்மையையே நாடினர். சிறுமிகளின் நலனைக் கருதினால், வழக்கம் ஒழிந்தே தீர வேண்டும் என்பதில் ஐயமில்லை. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் அதனை முற்றிலும் ஒழித்தது. ஆயினும், அம்மாற்றத்தால் வாழ்வு குலையும் பெண்களின் கலைக்கும் பிழைப்புக்கும் என்ன வழி என்று நாகரத்தினம்மாள் தரப்பு எழுப்பிய கேள்விக்குச் சமூகம் போதிய விடை கூறவில்லை. பிறர் சார்பில் பேச முன்வரும் தலைமை அப்பிறரின் வாய்மொழியையும் கேட்டாக வேண்டும் என்ற பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. காந்தியடிகள் சிறை வைக்கப்பட்டதைக் கண்டித்து முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைப் பதவியைத் துறந்தார். ருக்மிணி லட்சுமிபதி வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறை புகுந்தார். உப்புப் போரில் பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று காந்தியடிகளிடம் வாதாடியவர் கமலாதேவி. பிற்காலத்தில் 1946இல் ருக்மிணி லட்சுமிபதி சென்னை மாகாண அமைச்சரவையில் சுகாதாரப் பொறுப்பை ஏற்று, அம்மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரானார். பாரிசு மகாநாட்டு மண்டபம், வேதாரண்யத்து உப்பளம், வேலூர்ச் சிறை, கோட்டையின் அமைச்சர் அறை என்று அவருடைய இருபதாண்டு வாழ்வு சென்ற வழியே, அக்காலத்து மாதர் இயக்கத்தின் வழியும் ஆகும்.

இக்காலத்தில் ஆசிய நாட்டுப் பெண்களும் தமக்குள் உறவு கொண்டனர். 1931 ஜனவரியில் லாகூரில் கூடிய அகில ஆசிய மாதர் மகாநாட்டுக்கு இலங்கை, பர்மா, ஜப்பான், ஈரான் முதலிய நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வந்தனர். அதே ஆண்டில் இலங்கையில் சொத்து, கல்வி என்ற வரையறையின்றி வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. மறு ஆண்டிலேயே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி வட கொழும்புத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1960இல் உலகின் முதல் பெண் பிரதம மந்திரியை அதே இலங்கைத் தீவு கண்டது. அவர் சிறிமாவோ பண்டாரநாயகா.

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் நம் நாட்டுப் பெண்களின் குரல் உலக மன்றத்திலும் ஒலித்தது. ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை வகுத்தபோது, அதன் முதல் விதியில் ‘ஆடவர் அனைவரும்’ என்று பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லை மாற்றி, ‘மனிதப் பிறவிகள் அனைவரும்’ என்று அமைக்க வேண்டுமென வற்புறுத்தியவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. 1948 டிசம்பர் 10ஆம் நாள் நிறைவேறிய பிரகடனத்தில் அச்சொல்லே நிலைபெற்றது. ஆண் பெண் சமத்துவம் வெளிப்படையாகக் கூறப்பட வேண்டும் என்று அச்சபையில் வாதிட்ட இந்தியப் பெண்மணி லட்சுமி மேனன். அவர் முன்னாளில் சென்னை இராணி மேரிக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர். 1953இல் விஜயலட்சுமி பண்டிட் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் தலைமைப் பதவியில் அமர்ந்தார். அப்பதவியை வகித்த முதல் பெண் அவர்.

இராணி மேரிக் கல்லூரியின் பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் வருவதை நேயர்கள் கவனித்திருக்கலாம். 1914இல் சென்னைக் கடற்கரையில் தொடங்கிய அக்கல்லூரிக்குக் கன்னட நாட்டிலிருந்து படிக்க வந்தவர் கமலாதேவி மட்டுமல்லர். பெங்களூரில் பிறந்த யசோதரா தாசப்பாவும் அங்கே பயின்றவர். விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டு, 1960களில் மைசூர் இராஜ்யத்தின் அமைச்சரான அவர், மதுவிலக்கைக் கைவிடும் கொள்கையை ஏற்க இயலாமல் பதவியைத் துறந்தார். பதவிக்கு வருவது போலவே, கொள்கைக்காகப் பதவியை விடுவதும் தலைமையின் இலக்கணமே. 1972இல் கே. எஸ். நாகரத்தினம்மா என்பவர் சட்டமன்றச் சபாநாயகராகி, 1978 வரை அவ்வாசனத்தில் இருந்தார். பெங்களூர் விதான சௌதத்தில் அவ்வாசனத்தில் அமர்ந்த முதல் பெண் அவரே.

மேல்மட்டத்தில் இவ்வாறு சில பெயர்கள் ஒளி வீசினாலும், கிராமத்துப் பெண்ணுக்கு அதிகாரத்தில் பங்கு கிடைத்த கதை வேறு. அதிலும் கருநாடகம் முன்னே சென்றது. 1980களில் அம்மாநிலம் இயற்றிய உள்ளாட்சிச் சட்டம் மண்டல், ஜில்லாப் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு 25 சதவீத இடத்தை ஒதுக்கியது. 1987இல் நடந்த தேர்தலில் ஆயிரக்கணக்கான பெண்கள் உறுப்பினராயினர். அதன் பின்னரே, 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நாடு முழுவதும் மூன்றில் ஒரு பங்கை உறுதி செய்தது. 2023இல் மக்களவையிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் அதே அளவு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் திருத்தம் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதிச் சீரமைப்பும் முடிந்த பின்னரே அது செயலுக்கு வரும் என்று அத்திருத்தமே வகுத்திருக்கிறது. 1921இல் பாதி திறந்த கதவைப் பற்றி முன்னர்ச் சொன்னோம். சட்டம் எழுதப்படும் நாளுக்கும் அது வாழ்வில் பயன் தரும் நாளுக்கும் இடையே காத்திருப்பது பெண்களுக்குப் புதியதன்று.

இவ்வளவையும் தொகுத்து நோக்கினால் இரண்டு உண்மைகள் புலனாகும். முதலாவது, மாதர் தலைமை ஓர் ஊருக்குள், ஒரு மொழிக்குள் மட்டும் வளர்ந்ததன்று. அயர்லாந்துப் பெண் அடையாற்றில் உழைத்தார். மங்களூர்ப் பெண் சென்னையில் கற்றார். புதுக்கோட்டைப் பெண் பாரிசில் பேசினார். நஞ்சன்கூட்டுப் பெண் திருவையாற்றில் கோயில் எழுப்பினார். சென்ற இடத்தின் மொழியையும் வழக்கத்தையும் மதித்து, அங்குள்ள பெண்களோடு சேர்ந்து நின்றதனால் அவர்கள் சொல் அம்பலம் ஏறியது. இரண்டாவது, பெற்ற உரிமையைப் பயன்படுத்தாதவரை அது ஏட்டளவிலேயே நிற்கும்.

பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில், வேலையின் நிமித்தம் வீடு மாறும்போது ஆடவரின் முகவரி அலுவலகப் பதிவுகளில் உடனே மாறிவிடுகிறது. வீட்டிலுள்ள பெண்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் பழைய ஊரிலேயே தங்கிவிடுவதுண்டு. குடியேறிய ஊரின் குடிநீர், பள்ளி, சாலை ஆகியவற்றின் குறை நிறைகளை நாள்தோறும் நேரில் அறிபவர்கள் அப்பெண்களே. அவர்கள் அவ்வூர்ப் பட்டியலில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்வதும், அவ்வூர் மொழியைக் கற்றுப் பொதுக் கூட்டங்களில் தம் கருத்தைச் சொல்வதும் சிறிய காரியங்களல்ல. மாண்டேகுவின் முன் நின்று அன்று ஒரு சில பெண்கள் கேட்ட உரிமை, இன்று சொத்தோ கல்வியோ கேளாமல் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் இருக்கிறது. வந்த ஊரிலும் அதனைக் கையாள்வதே அம்மூதாட்டியர்க்கு நாம் செலுத்தும் தகுந்த நன்றியாகும்.